இரண்டு தொண்ணூற்றாறு

அல்காரேல் நகராட்சியில்
சாலைக்கும் சாக்கடைக்கும் சேர்த்து
ஒரே ஆள் நான்.
தெற்குப் போர்ச்சுகல் வெயிலில்
மதில் சூழ்ந்த ஊருக்கு
ஒரே வாயில்.
மூர்கள் கட்டியது என்பார்கள்,
இல்லவே இல்லை என்பார்
மருந்துக்கடை கசிமிரோ.
எனக்கு அது வெறும் ஓர் உயரம்.
மூன்று மீட்டர் பத்து
என்கிறது பலகை.

ஜூலை ஒன்பதாம் தேதி
தக்கைப்பட்டை அம்பாரமாய் ஏற்றிய லாரி
பாதி நுழைந்தது.
முழுதாய் நின்றது.
ஊர் வாயில் தக்கை!
சிரிக்காதவர் ஓட்டுநர் மட்டும்.
அவருக்குப் பின்னால் ரொட்டி வண்டி,
அதற்குப் பின்னால் பள்ளிப் பேருந்து,
அதற்கும் பின்னால்
ஹார்ன் அடிக்க முடியாத
சவ ஊர்தி.

மறுநாள் மேசையில் பதினேழு மனுக்கள்.
வாயிலை அகலமாக்கு.
வாயிலில் கை வைக்காதே.
லாரியைத் தடை செய்.
லாரி வராவிட்டால் ஊர் எதைத் தின்னும்?
ஒருவழிப் பாதை போடு,
எங்கள் தெரு வழியாக மட்டும் வேண்டாம்.
கையெழுத்தில்லாத ஒன்று எதையும் கேட்கவில்லை:
"அம்மா நேற்று நாலு மணி நேரம்
பேசாமல் காத்திருந்தாள்.
உயிரோடு இருந்தவரை
ஒரு நிமிடம் பொறுத்ததில்லை."
அதை எந்தக் கோப்பில் வைப்பது?

அந்த வாரமே
லாரி நின்ற இடத்தில் குழாய் வெடித்தது.
வழியை அடைத்தோம்,
தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.
அதெலினோவும் நானும் தோண்டினோம்.
தாருக்குக் கீழே தார்.
அதன் கீழ் சதுரக் கற்கள்.
கல்லுக்கும் கீழே வேறொரு கல் தளம்,
அதில் வண்டிச் சக்கரம் தேய்த்த
இரண்டு பள்ளம்.
அதெலினோ தன் பூட்ஸை ஒன்றில் வைத்து
"சரியா இருக்கு" என்றான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
டேப்பை நீட்டினேன்.
அடித்தளத்திலிருந்து வளைவுக்கு
மூன்று நாற்பத்தொன்று.
மேல் தாரிலிருந்து
இரண்டு தொண்ணூற்றாறு.

வாயில் குனியவில்லை.
தேர்தலுக்குத் தேர்தல் ஓர் அடுக்காக
சாலைதான் நிமிர்ந்திருக்கிறது.
கடைசிப் பதினாலு சென்டிமீட்டர்
என் கையெழுத்து.

பழைய தளத்துக்கே இறக்கிவிடலாம்
என்றேன் கூட்டத்தில். ஆறு வாரம் போதும்.
தலைகள் ஆடின.
வாயிலை ஒட்டி நூல்கடை வைத்திருக்கும்
எர்மெலிந்தா எழுந்தாள்.
"எங்க வாசலுக்கு?"
இப்போது தெருவும் கடையும் ஒரே மட்டம்.
இறக்கினால் மூன்று படி.
தினமும் பத்து மணிக்கு
அவள் கணவர் சக்கர நாற்காலியை
உருட்டிக்கொண்டு வெளியே வருவார்,
லாட்டரிச் சீட்டு விற்க.
மேயர் பேனாவைத் திறந்தார்,
மூடினார்,
திறந்தார்.

குழாயை மாற்றி மூடினோம்,
இருந்த மட்டத்துக்கே,
ஒரு விரற்கடை ஏற்றாமல்.
பிறகு ஏணி போட்டு ஏறி
மூன்று பத்தைச் சுரண்டிவிட்டு
இரண்டு தொண்ணூற்றாறு எழுதினேன்.
பத்தொன்பது வருட உத்தியோகத்தில்
யாரும் அனுமதி தராமல்
நான் எழுதிய ஒரே எண்.
ஐந்து யூரோ பெயின்ட்.

ஆகஸ்டில் அதே லாரி.
ஓட்டுநர் இறங்கினார்.
பலகையைப் படித்தார், சுமையைப் பார்த்தார்,
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து
ஒவ்வொரு டயராகக்
காற்றை இறக்கினார்.
மேலே பட்டை உரச,
இரண்டு துண்டு உதிர,
நுழைந்தேவிட்டார்.
ரொட்டிக்காரர் கைதட்டினார். நானும்தான்.

சதுக்கத்தின் நடுவில் போய்
சப்பென்று உட்கார்ந்தது லாரி,
பத்து டயரிலும் காற்றில்லாமல்.
காற்றடிக்கும் பம்ப்
வாயிலுக்கு வெளியே.

எர்மெலிந்தாவின் கணவர்
மெல்ல நாற்காலியை உருட்டிப் போய்
அவருக்கு ஒரு சீட்டு விற்றார்.