கசக்கிறதா என்று கேட்டார்

குளுகோரில், மூன்றாவது மாடியில்,
முப்பத்தேழு டிகிரி வெப்பத்தில்
ஒரு பெண்ணின் குடல் இன்னும் வளர்கிறது.
அவளுக்குப் பெயர் இல்லை, இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்தான்.
நான் பிறக்குமுன்பே இறந்துபோனவள்.
திங்களும் வியாழனும் அவளுக்குச் சோறு போடுபவள் நான்:
இளஞ்சிவப்புத் திரவம்,
அதில் பத்துக்கு ஒரு பங்கு கன்றின் சீரம்.

இலை பாலிக் பூலாவிலிருந்து வருகிறது.
பாக் சாஆட் மோட்டார் சைக்கிளின் கூடையில்,
டுரியான் வாடையோடு.
ஹெம்பெடு பூமி என்பார். மண்ணின் பித்தம்.
என் வீட்டில் நிலவேம்பு.
ஆய்வேட்டில் லத்தீன், சாய்வெழுத்தில்.

நிழலில் காயவைத்து, பொடித்து,
எத்தனாலில் மூன்று நாள் ஊறப்போட்டு, வடித்து, வற்றவைத்தால்
குடுவையின் அடியில் மிஞ்சுவது
சுரண்டினாலும் வராத கரும்பச்சைப் பிசின்.
நாலரைக் கிலோ இலைக்கு
ஒரு கட்டைவிரல் நகமளவு.

மரபணு எப்படி வாயடைக்கிறது என்று கேட்டால்
இந்தத் தீவின் ஈரத்தைத்தான் சொல்வேன்.
நவம்பர் மழையில் என் அலமாரிப் புத்தகங்களின் பக்கங்கள்
ஒட்டிக்கொள்கின்றன.
எழுத்து அழியவில்லை,
பிரிக்கத்தான் வரவில்லை.
அவளுடைய செல்லில் அப்படி ஒட்டிப்போன பக்கத்தில்
ஒரே ஒரு கட்டளை: போதும், நில்.
அதை வாசிக்காததால்
இரண்டாகி, நான்காகி,
தட்டின் விளிம்பில் இடமில்லாமல்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது.

பிசினைக் கரைத்து ஊற்றி
நாற்பத்தெட்டு மணி நேரம்.
இயந்திரத்தின் திரையில் கோடு
நான்கு சுற்று முன்னதாகவே எழுந்தது.
பக்கம் பிரிந்துவிட்டது! பதினாறு மடங்கு உரக்க: நில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
மூன்று முறை வராதது வரவேயில்லை
என்பது டாக்டர் லிம்மின் சட்டம்.
இரண்டாம் முறை மூன்று மடங்கு.
மூன்றாம் முறை ஐந்து.
நோயில்லாத செல்களை வைத்திருந்த தட்டிலும்
பாதி உதிர்ந்து மிதந்தது.
அதையும் எழுதினேன், அதே மையில்.

நாகரத்தினம் அண்ணன் இரவுக் காவல்.
சீருடைக்குள், இடுப்பின் இடப்பக்கம்
ஒரு பை இருப்பது எனக்குத் தெரியும்;
எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.
பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி,
"அந்தப் பச்சைத் தண்ணிதானே?" என்றார்.

ஆரம்பித்தேன்:
அண்ணே, தட்டில் கல்லீரல் இல்லை,
ரத்தம் ஓடுவதில்லை, நேற்றுத் தின்ற ரொட்டி சானாய் இல்லை,
தட்டில் எதுவும் சாகும்,
சாராயம் ஊற்றினாலும் சாகும்...

"நான் கேக்க வரலம்மா.
நாலு மாசமா குடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்.
வாசலுக்குப் பக்கத்துல, பூந்தொட்டியில வெச்சிருக்கேன்."

டாக்டரிடம் சொன்னீர்களா?
டார்ச் லைட்டை அணைத்தார், போட்டார், அணைத்தார்.
மருந்து ஏற்றும் நாளிலுமா?
பதில் இல்லை.
ஒரு தாளில் செடியின் லத்தீன் பெயரை எழுதி
ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன்.
நான்காய் மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

படியிறங்கப் போனவர் திரும்பி,
"ஒண்ணே ஒண்ணு. அதுங்களுக்குக் கசக்குமா?"

சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

இரண்டு மணி வரை தேடினேன்.
கசப்பை அறியும் வாங்கிகள்
நாக்கோடு முடிந்துவிடவில்லையாம்.
குடலின் சுவரிலும் இருக்கின்றன,
இருட்டில், யாருக்கும் சுவை சொல்லாமல்.
ஆனால் அவளுடைய இந்தச் செல்லில்
அந்தப் பக்கம் திறந்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா?

கொள்முதல் படிவத்தில்
இன்னொரு மரபணுவைச் சேர்த்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
அவர் பெயரை எழுத முடியாது.
காலியாக விட்டால் டாக்டர் லிம் திருப்பி அனுப்புவார்.
கீழே கேட்டருகே டார்ச் வெளிச்சம்
பூந்தொட்டிகள்மேல் ஒருமுறை போய் வந்தது.