கடைசி மரத்துக்கு அப்புறம்

என் பங்குக்கு முந்நூற்றுப் பதினாறு மரம்,
கீரிப்பாறைக்கு மேலே, மஞ்சு படியும் சரிவில்.
முந்நூற்றுப் பதினாறாவதுக்கு அப்புறம்
நம்பர் கிடையாது.
காடுதான்.

ஆடிச் சாரலில் வெட்டு நின்றுபோன ஒரு நாள்
மீன்குழம்புக்குக் குடம்புளி பொறுக்கலாமென்று
வாளியோடு நாலே எட்டு வைத்தேன்.
அந்த நாலு எட்டை
இன்னும் என்னால் எண்ணி முடிக்க முடியவில்லை.

மஞ்சு பின்னால் வந்து கதவைச் சாத்தியது.

ஓடினேன். ஓடக்கூடாதென்று தெரியும், ஓடினேன்.
நான் ஓடும் ஒவ்வொரு அடியும்
என்னைத் தேடி வருகிறவர்களுக்கு மூன்று அடி.
ஒரு வேங்கையில் முட்டி நெற்றி புடைத்தபோதுதான்
உட்கார்ந்தேன்.
அன்றைக்கு நான் செய்த முதல் புத்தியான காரியம்
அந்த உட்கார்ந்ததுதான்.

இடுப்புப் பையைக் கொட்டினேன்.
பால்வெட்டுக் கத்தி. சுண்ணாம்பு டப்பா.
பிளாஸ்டிக் கவருக்குள் தீப்பெட்டி, அதற்குள் நாலு குச்சி.
வெட்டில்லாத நாளிலும் விரல் சும்மா இராமல்
வழியெல்லாம் உரித்து வந்த ஒட்டுப்பால், ஒரு பிடி.

மரத்தில் பாசி வடக்குப் பக்கம்தான் பிடிக்குமென்று
பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்.
சொன்னவர் எங்கள் மலைக்கு வந்ததில்லை.
தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி நனைக்கும் இந்த மூலையில்
பாசிக்கு நாலு திசையும் வடக்கு.

கீழே எங்கேயோ ஓடைச் சத்தம்.
தண்ணீர் இறங்கித்தான் போகும்,
காளிகேசத்துக்குப் போகும், கடலுக்கும் போகும்.
ஆனால் தண்ணீருக்கு எலும்பு கிடையாது.
அது குதிக்கும் இடத்தில் நான் குதிக்க முடியாது.

ஓடையை ஒட்டி மிதிபட்ட வழி ஒன்று,
அகலமாய், சுகமாய்,
நடுவில் ஆவி பறக்கும் லத்தி.
ஆனை போன வழியில் ஆனைதான் திரும்பி வரும்.
விட்டு விலகி மேலேறி
ஒரு பாறை இடுக்கைப் பிடித்தேன்.

பெரணியை அறுத்து முழங்கால் உயரம் குவித்தேன்.
போர்த்திக்கொள்ள அல்ல, கீழே போட.
குளிர் வானத்திலிருந்து இறங்குவதாகத்தான்
அதுவரை நினைத்திருந்தேன்.
அது மண்ணிலிருந்து ஏறுகிறது,
முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக.

முதல் குச்சி நமுத்திருந்தது.
இரண்டாவதைக் காற்று எடுத்துக்கொண்டது.
மூன்றாவது என் கைநடுக்கத்துக்குப் போயிற்று.
நாலாவதை ஒட்டுப்பாலில் வைத்தேன்.

இருபத்தொரு வருஷமாய் என் தலைமுடியில், சேலையில்,
பிசையும் சோற்றில் நாறும் நாற்றம்.
நாகர்கோவில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
மூக்கைப் பொத்திய நாற்றம்.
மழைக்குள் அது எரிந்தது,
கறுப்பாய்ப் புகைந்து, சொட்டுச் சொட்டாய் விழுந்து,
அணையாமல்.

ராத்திரி கூப்பிட்டார்கள்.
"விஜிலா... ஏ விஜிலா..."
பள்ளத்தாக்கு என் பெயரை
நாலு பக்கமும் எறிந்து விளையாடியது.
எந்தக் குரலை நோக்கியும் நான் போகவில்லை.
வாளியைக் கவிழ்த்து மூன்று தட்டு. நிறுத்து.
மறுபடி மூன்று தட்டு.
விடிய விடிய மழை அதைத் தின்றது.

பசித்தது. குடம்புளியைக் கடித்தேன்.
பசிக்குப் பல் முளைத்தது.
அட்டைகள்தான் வயிறாரச் சாப்பிட்டன.
சுண்ணாம்பு தீரும்வரை எண்ணினேன்,
முப்பத்தொன்பது.

வெளுத்த பிறகும் மஞ்சு விலகவில்லை.
பத்தடிக்கு ஒரு மரத்தில் கத்தியால் கீறி,
பாறைக்குத் திரும்பி வர வழி வைத்துக்கொண்டு,
மெல்லக் கொஞ்சம் இறங்கினேன்.
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

கீற நீட்டிய இடத்தில்
முன்பே ஒரு கீறல்.

இடது மேலே, வலது கீழே, சரிந்த கோடு.
விரலால் தடவிப் பார்த்தேன்.
பட்டையைத் தாண்டித் தடியைத் தொட்ட வெட்டு.
இத்தனை ஆழமாய், இத்தனை அவசரமாய்
மரத்தைப் புண்ணாக்குகிறவள்
இந்த மலையில் ஒருத்திதான், ரோஸ்லின்மேரி.
கத்தி பிடிக்கத் தெரியாதவளே என்று
எத்தனை தடவை அவளை ஏசியிருக்கிறேன்.

அந்தப் புண்ணில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு அவள் மரங்களை ஒவ்வொன்றாய்த் தொட்டு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்து
இறங்கினேன்.