பத்துக்கு எத்தனை

கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரியில்
வியாழக்கிழமை மட்டும் மனசு டாக்டர்.
கோட்டயத்துக்காரர், பேர் ஜிஜி, சின்ன வயசு.
தமிழ் புரியும் என்பார்.
புரிவது சினிமாத் தமிழ்,
மற்றதற்கு நான்.
சீட்டு எழுதுவதுதான் என் வேலை;
பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமக்கத்
தனிச் சம்பளம் இல்லை.

வேலந்தாவளத்திலிருந்து மயிலாத்தாள் வந்தாள்,
மூன்றாவது மாசமாக.
வவுறு எரியுதுங்க என்றாள்.
இரண்டு மாசமும் பொது டாக்டர்
ரோஸ் மருந்து கொடுத்திருக்கிறார்.
காரம் ஆகாது, வெறும் வயிற்றில் காப்பி ஆகாது.
பாலக்காட்டில் குழாய் விட்டும் பார்த்தாயிற்று.
புண் இல்லை, ஒன்றுமில்லை,
சுத்தமான வயிறு.

ஸங்கடம் உண்டோ என்றார் ஜிஜி.
கேட்டது துக்கத்தை.
அவள் காதில் விழுந்தது எங்கள் சங்கடம்,
கடன் கொடுத்தவன் வீட்டு விருந்தில்
இரண்டாம் முறை சோறு கேட்கிற சங்கடம்.
"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க,
டாக்டர்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க சங்கடம்."
துக்கம் இல்லை என்று எழுதப் போனார்.
பேனாவைப் பிடுங்காத குறையாக
நான் நடுவில் விழுந்தேன்.
டாக்டர், இவங்களுக்கு வயிறு எரிவது வயிற்றில் இல்லை.
பின்னே எங்கே?
கூடப் பிறந்தவன் ஏமாற்றின இடத்தில்.

அப்புறம்தான் வந்தது அண்ணன் கதை.
கைநாட்டு வாங்கினது,
தோப்பைக் கள்ளுக்குக் குத்தகை விட்டது.
ஆனாலும் தை பிறந்தால் சீர் தவறாது:
சேலை, கரும்புக் கட்டு, ஐந்நூறு ரூபாய்.
சீர் வருகிற வரைக்கும்
அண்ணன்மேல் கோபப்பட அவள் ஊரில் வழி கிடையாது.
அழவும் கூடாது;
கூடப் பிறந்தவள் கண்ணீர் அவன் பிள்ளைகளுக்கு ஆகாது.
போக்கிடம் இல்லாத கோபம்
தொப்புளுக்கு நாலு விரல் மேலே
வாடகை தராமல் குடியிருக்கிறது.

துக்கம் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்றார் ஜிஜி.
முதல் வார்த்தையே அதுதான் டாக்டர்.

எனக்கு இது புதுசில்லை.
அப்பா போன ஆடி மாசம்,
பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வீட்டில் பார்த்த மாதிரி
கையைக் கட்டிச் சுவரோரம் நின்றேன்.
இங்கே அழுவதற்குக் கரைவது என்று பேர்.
நான் அதை உப்பு என்று எடுத்துக்கொண்டேன்.
கிணத்துக்கடவு அத்தைகளுக்குக் கரைவது காக்கை.
வேனை விட்டு இறங்கும்போதே மாரடிப்பு.
கல்லாட்டம் நிக்கறா பாரு என்றாள் ஒருத்தி.
பக்கத்து வீட்டு லிஸம்மா என் காதோரம்,
என்ன சண்டை, சொத்துத் தகராறா என்றாள்.
எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல்
நின்றே கிடந்தது உடம்பு.
பதினாறு கழிந்து ஒரு நாள்
சித்தூர் பஸ்ஸில் சில்லறை எண்ணும்போது
உடைந்தது.
கண்டக்டர் பதறிப்போய்
பாக்கி இரண்டு ரூபாயைக் கையில் திணித்தார்.

ஜிஜியிடம் ஒரு படிவம் உண்டு.
துக்கம் எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.
பத்துக்கு எத்தனைங்கம்மா என்று கேட்டேன்.
மயிலாத்தாள் விரலை மடக்கினாள்.
மேவரப்பில் மூணு. கிணத்து மேட்டில் அஞ்சு.
வாசலுக்கு நேரே ஒண்ணு.
இடி விழுந்து மொட்டையாய் நிற்பது ஒண்ணு,
அதை விடலாமா என்று கொஞ்சம் யோசித்தாள்.
"பத்துந்தானுங்க. பத்தும் எம் பங்கு."

ஜிஜி பத்து என்று எழுதி வட்டம் போட்டார்.
நான் திருத்தவில்லை.

புது மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு
கதவருகே திரும்பினாள்.
"கண்ணு, அந்த ரோஸ் மருந்தும் ஒரு பாட்டில் எழுதச் சொல்லு.
குடிச்சாச் சித்த நேரம் குளுகுளுன்னு இருக்குது.
தை மாசம் அண்ணன் வருவான்,
அன்னைக்கு வேணும்."