ஹாரன் ரிலே

தொண்ணூறில் போனால்
முள் நடுவில் நிற்கிறது, மரியாதையாக.
பின்னால் ஆட்கள் நடக்க ஆரம்பித்ததும்
மெல்ல ஏறுகிறது.
தேவாலய வாசலில் நிறுத்தினால் சிவப்பு.

இப்படித்தான் சொன்னான் எலியோதோரோ,
மாத்துரானா கம்பெனியின் இரண்டு அமரர் ஊர்திகளில்
பழையதை ஓட்டுகிறவன்.
தால்காவில் ஜனவரி என்றால் கோடை.
ஞாயிறு காலை ஒன்பதுக்கே
என் ஷெட்டின் தகரம் சுட்டது.
நான்கு மணிக்கு அடக்கம்.

"எத்தனை நாளாக?"
"மூன்று சாவாக."

போன வாரம் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு ஓட்டினானாம்,
எஞ்சின் சூட்டைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு.
அவன் முகத்தில் நீர் வழிவதைப் பார்த்து
பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள்,
செத்தவரின் மனைவி,
தன் கைக்குட்டையை நீட்டினாளாம்:
"அவரோடு அவ்வளவு பழக்கமா உங்களுக்கு?"

ஆறிய பிறகே மூடியைத் திறந்தேன்.
ஆறாமல் திறந்ததன் தழும்பு
என் இடது மணிக்கட்டில் இருக்கிறது.
தண்ணீர் விளிம்புவரை. ஆயிலில் பால் கலக்கவில்லை.
ஸ்டார்ட் செய்து, சும்மா ஓடவிட்டு,
ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன்.
மேல் ஹோஸ் சூடு. கீழ் ஹோஸும் சூடு.
தெர்மோஸ்டாட் திறக்கிறது, பம்ப் தள்ளுகிறது,
ரத்தம் ஓடுகிறது, மூச்சுதான் இல்லை.
முள் சிவப்பைத் தொட்டபோதும்
விசிறி அசையவில்லை.
இரண்டு இறக்கைக்கு நடுவில்
அறுபடாமல் ஒரு சிலந்தி வலை.

ஓடுகிறவனுக்குக் காற்று தானாக வரும்.
நிற்கிறவனுக்கு யாராவது வீச வேண்டும்.

பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர்.
சுற்றியது. வலை போயிற்று.
ஆக மோட்டார் குற்றமற்றது. ஃபியூஸும்.
சென்சார் பிளக்கைக் கழற்றி
முனை இரண்டையும் சேர்த்தேன்.
டிக் என்றது ரிலே.
மறுபடி சேர்த்தேன். டிக்.
அவ்வளவுதான். விசிறி கிடந்தபடி கிடந்தது.
சரி சரி என்று மட்டும் சொல்கிற ஜாதி.
எனக்கு அப்படி ஒரு புருஷன் இருந்தான்.
பிரித்தால் உள்ளே தொடுமுனை கரிந்து
மிளகு மாதிரி.

கடையெல்லாம் பூட்டு.
ஆனால் அதே பெட்டியில், அதே நான்கு கால்,
அதே ஆம்பியரில், பக்கத்து வீட்டுக்காரன்போல்
ஹாரனுடைய ரிலே.
பிடுங்கி இங்கே சொருகினேன்.
முள் ஏறியது. விசிறி போட்டுக்கொண்டது.
முள் இறங்கியது.

"அப்போ ஹாரன்?"
"எதற்கு, பின்னால் படுத்திருப்பவனை எழுப்பவா?"
சிரித்தான். பாதிக் காசு கொடுத்தான்.
செத்தது யாரென்று நான் கேட்கவில்லை.

ஓனோஃப்ரே. மூன்றாம் நம்பர் பஸ்,
முப்பத்தொரு வருஷம்.
கல்லறைச் சாலை நெடுக பஸ்கள்,
கண்ணாடியில் கறுப்புத் துணி,
டாக்சிகள், ஒரு ரொட்டி வேன்கூட.
டிரைவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள்:
வாசலைத் தாண்டும்போது ஊர்தி முதலில் ஹாரன் அடிக்கும்,
பிறகு எல்லோரும்.
அவனிடம் சொன்னதே மூன்றரைக்குத்தானாம்.

எதிர்ச் சாரியில் நின்றிருந்தேன்,
நகத்தில் இன்னும் கிரீஸ்.
ஊர்தி வாசலில் நின்றது.
ஸ்டீயரிங்கின் நடுவை அவன் அழுத்துவது தெரிந்தது.
இரண்டு கையாலும் அழுத்தினான்.
நாற்பது பஸ் காத்திருந்தது.
ஒரு குழந்தை இருமியது.
அவன் கண் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது.
நான் தலை குனிந்தேன்,
எல்லோரும் குனிந்துதான் இருந்தார்கள்.

அப்போது, நின்ற இடத்தில் சூடேறி,
விசிறி போட்டுக்கொண்டது.
பழைய மோட்டார். தொண்டை கட்டின குரல்.
முதல் பஸ்காரன் அதையே எடுத்துக்கொண்டு
ஹாரனில் கை வைத்தான்,
அடுத்தவன், அதற்கடுத்தவன்,
பிறகு எது யாருடையதென்று தெரியவில்லை.

அந்த இரைச்சலில்
எனக்கு விசிறி கேட்கவில்லை.
முள்ளை நினைத்துக்கொண்டு நின்றேன்.
நடுவில்தான் இருக்கும்.