இரவல் சங்கிலி

அக்டோபரில் முடுக்கினால் மே மாதம்தான் அணைப்போம்.
தூங்கும்போதும் ஓடும், சாப்பிடும்போதும் ஓடும்.
அக்ராஃபெனா கேட்பாள்:
"வாசலில் எவளை நிறுத்திவைத்து
ராத்திரியெல்லாம் இருமவிடுகிறாய்?"

இந்திகிர்கா ஆற்றின் பனிமேல்,
பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டில்,
அது தானாகவே நின்றது.
சத்தம் நின்றதில்தான் விழித்தேன்.

வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே மெழுகு.
ஆறிப்போன ஆட்டுக்கொழுப்புபோல
கரண்டியால் அள்ளலாம்.
கோடை டீசலைக் குளிர்கால விலைக்கு விற்றவனை
அவன் குதிரைவரை இழுத்துத் திட்டினேன்.
திட்டு தாடியைத் தாண்டவில்லை,
அங்கேயே உறைந்து ஒட்டிக்கொண்டது.

சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்.
மறுபடி. டிக்.
மறுபடி. சாவியின் சத்தம் மட்டும்.

கண்ணாடியின் ஓரத்திலிருந்து பனி
நடுவுக்கு வளர்ந்தது, என்னைப் பார்த்தபடி.
உபரி டயரைக் கொளுத்தினேன்.
புகை நேரே எழுந்து, ஆளுயரத்துக்கு மேல்
போக மனமில்லாமல் படுத்துக்கொண்டது.

நாலு மணி நேரம் கழித்து இரண்டு விளக்குகள்.
இடப்பக்கம் மங்கல்.
அந்த மங்கலை எனக்குத் தெரியும்.
ப்ரகோப்பி.
இரண்டு குளிர்காலமாக என்னோடு பேசாதவன்.
எத்தனையோ லாரி ஓடுகிற சாலையில்
இதுதானா வரவேண்டும்.

நிறுத்தினான்.
இந்தச் சாலையில் நிறுத்தாமல் போனவன் கிடையாது;
போனவனுக்குப் பிறகு பெயர் கிடையாது.
முகம் பார்க்காமல் ஊதுவிளக்கைப் பற்றவைத்து
ஆயில் சட்டிக்குக் கீழே மல்லாந்தான்.
பானெட்மேல் கம்பளி போர்த்தினேன்.
தன் பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் கலந்தான்.
புது வடிகட்டியொன்றைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி,
கோழிக்குஞ்சை நீட்டுவதுபோல நீட்டினான்.

இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசியது:
"பிடி."
"விடு."
"இப்போ."

வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர் நொண்டியது,
அப்புறம் இன்னொன்று,
அப்புறம் எட்டும் சேர்ந்து என் பற்களை ஆட்டின.

நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள்
என் கருவிப்பெட்டியைத் திறந்திருந்தான்.
அடியில், சாக்குக்குக் கீழே,
வழியில் தொலைந்துபோனதாக
நான் சத்தியம் செய்திருந்த
அவனுடைய இழுவைச் சங்கிலி.
தோளில் போட்டுக்கொண்டான்.
குளிரில் அது கண்ணாடிபோலக் கிணுங்கியது,
விளக்குகள் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம்.

கிளம்பினேன்.
நின்ற இடத்தில் டயர்கள் தட்டையாக உறைந்திருந்தன.
ஒவ்வொரு சுற்றுக்கும் இருக்கைக்கு அடியிலிருந்து
ஒரு குட்டு.
முப்பது கிலோமீட்டர்
வாங்கிக்கொண்டே போனேன்.