பத்தொன்பதரை

மாலை ஆறு பத்துக்கு
ரேடியேட்டர் டிக்கென்றது.
வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
சோபாவில் தூங்கிப்போயிருந்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
நான் எதையும் தொடவில்லை.
சுவரிலிருந்த சின்னத் திரையில் மட்டும்
பதினேழு, இருபத்தொன்றாக மாறியிருந்தது.

இல்போ இந்த வீட்டைவிட்டுப் போய்
பதினான்கு மாதம் ஆகிறது.
கோப்பைகளைப் பிரித்துக்கொண்டோம்.
படகை விற்றுப் பங்கிட்டோம்.
நாய், எங்களுக்கு அந்தச் சிரமம் வைக்காமல்
முன்பே செத்துப்போயிருந்தது.
வெப்பத்தை ஆளும் செயலி மட்டும்
வக்கீல் போட்ட எந்தப் பட்டியலிலும் வரவில்லை.
அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், துர்க்குவில்,
ஏதோ ஒரு வாடகை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு
கட்டைவிரலால் அவன்
என் பாதங்களைச் சூடாக்க முடியும்.

எங்கள் வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை.
கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவோம்;
எவ்வளவு மெதுவாக என்பதில் இருக்கும்
எவ்வளவு கோபம் என்பது.
பனிப்போர் என்ற சொல்லை
நாடுகளுக்காகச் செய்தார்களாம்.
கயானிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

சண்டையெல்லாம் ஜன்னலைப் பற்றித்தான்.
ஒரு விரற்கடை திறந்திருந்தால்தான் எனக்குத் தூக்கம்.
அவனுக்கோ, மணிக்கு மணி மாறும் மின்விலை.
சாப்பாட்டு மேசையில், சவுனாவுக்குப் போகும் வழியில்,
என் அம்மாவை அடக்கம் செய்த அன்று
சர்ச் வாசலில்கூட
போனைத் திறந்து பார்த்து
‘இப்போது பதினெட்டு சென்ட்’ என்றான்.
‘வானத்துக்கு அடுப்பு மூட்டுகிறாய், இர்மெலி.’
இருபத்திரண்டு வருடத்தில்
அவன் பேசியதிலேயே
கவிதைக்குப் பக்கத்தில் வந்தது அதுதான்.

மறுநாள் காலை காபிக்கு வந்த சைமி
பூட்ஸைக் கழற்றும்போதே சொன்னாள்:
கடவுச்சொல்லை மாற்று. இன்றைக்கே.
இதற்குப் பெயர் அன்பு இல்லை,
வீட்டைவிட்டுப் போயும் விடாத ஆட்சி.
தப்பாகச் சொல்லவில்லை அவள்.
என் கைக்கடிகாரமும் அவள் கட்சி.
ஆறு பத்துக்கு இதயம் தொண்ணூற்றாறு அடித்ததாம்;
மூச்சை இழுங்கள், விடுங்கள் என்று
ஒரு நீல வட்டத்தை ஊதி ஊதிக் காட்டியது.
எத்தனை துடிப்பு என்று தெரிகிறது அதற்கு.
எதற்கு என்று கேட்கத் தெரியவில்லை.

சைமி போனதும் விலையைப் பார்த்தேன்,
வாழ்க்கையில் முதல்முறை, நானாக.
மலிவான மணியாகத்தான் இருக்கும்,
மலிவைக் கண்டால் விடுவானா என்று.
காற்றாலைகள் நின்றுபோன மாலை அது.
ஆறிலிருந்து ஏழு:
அந்த வாரத்திலேயே உச்சி விலை.
அப்படிப்பட்ட மணியில்
அவன் கெட்டிலைக்கூடத் தொட்டதில்லை.
நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே
விளக்கை அணைத்தவன்.

உள்ளே ஏதோ இளகியது.
பிறகுதான் நினைவுக்கு வந்தது,
பில் இப்போது என் பெயரில்.

சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
பதினெட்டுக்கு இறக்கினேன்.
இரண்டு நிமிடம். இருபது என்றது திரை.
அப்படியானால் இன்று அவனுக்கு விடுமுறை.
நான்: பத்தொன்பது.
கெட்டிலில் நீர் கொதித்து அடங்கியது.
கூரையிலிருந்து ஒரு பனிக்கட்டி
பொத்தென்று விழுந்தது.
பத்தொன்பதரை.

அப்படியே விட்டேன்.
அவனும் விட்டான்.
அரை டிகிரிக்கு இறங்கிவர
ஜன்னல் இல்லாத ஊர் வேண்டியிருந்ததோ என்னவோ.

கடவுச்சொல் மாற்றும் பக்கம்
மேசைமேல் திறந்தே கிடக்கிறது.
புதியதைத் தருமுன் பழையதைக் கேட்கிறது.
பழையது, நாயின் பெயர்,
அதை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆண்டு.
ஓட்சோ என்று அடித்தேன்.
ஆண்டில் இரண்டு எண் வரைக்கும் வந்தேன்.
எழுந்துபோய்
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்.