தூர் எடுக்கும் படகு

ரயிலைத் தவறவிட்டதால் வாய்த்த ஊர்.
அடுத்த வண்டிக்கு நான்கு மணி நேரம்.
பெட்டியை லாக்கரில் திணித்துவிட்டு
உத்ரெக்டின் மழைக்குள் இறங்கினேன்.
மழை என்றால் மழையில்லை,
சலித்துப் போட்ட மாவு மாதிரி ஒன்று.
குடை விரித்தவன் நான் ஒருவன்தான்.

இந்தக் கால்வாய்க்கு ஒரு தெரு போதவில்லை.
மேலே ஒன்று,
கீழே நீரை ஒட்டி இன்னொன்று.
கீழே வேர் பிடித்த மரங்கள்
மேல்தெருவில் நடப்பவர் தோளுக்குக் கிளை நீட்டுகின்றன.
பீப்பாய்கள் உருண்ட பழைய நிலவறையில்
ஒருத்தி கணினியைத் திறந்து வைத்து
யாருடைய வரிக்கணக்கையோ திட்டிக்கொண்டிருக்கிறாள்.
சுவரில் ஈரம். அவள் காலடியில் ஹீட்டர்.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.
கோயில் எங்கே என்று தேடினால்
சதுக்கத்துக்கு அப்பால், தனியே,
கல்யாணப் படத்தில் கோபித்துக்கொண்டு
தள்ளி நிற்கிற உறவுக்காரர் மாதிரி.
நடுவில் இருந்த மண்டபத்தை
ஆயிரத்து அறுநூற்று எழுபத்து நான்கில்
ஒரு மாலைக் காற்று சாய்த்ததாம்.
இடிபாடு நூற்றைம்பது வருஷம் அப்படியே கிடந்ததாம்.
அவசரம் இல்லாத ஊர்.
தூண்கள் நின்ற இடத்தைத் தரைக்கற்கள் காட்டுகின்றன.
ஒரு தூணின் மேல் ஏறி நின்றேன்,
தூண் என்ன செய்யுமோ அதைச் செய்து பார்க்க.
தாங்க எதுவுமில்லை.
குடையைத் தாங்கினேன்.
அப்புறம் அதைக் கீழே வைத்து ஷூ லேஸ் கட்டினேன்.

பாலத்தின் கீழே கூட்டம்.
நகராட்சிப் படகின் இரும்புக் கை
நுரைத்தொட்டியில் ஸ்பூன் தேடும் கைபோல
தண்ணீருக்குள் துழாவியது.
சைக்கிள்.
சைக்கிள்.
ஒரு கடைப் பலகை, அதில் ஏதோ பாதி விலை.
சைக்கிள், சக்கரம் முழுக்க மட்டிச் சிப்பி.
"போன வாரம் எழுபது" என்றாள்
ஆரஞ்சு அங்கியில் ராவென்ஸ்வாய் என்று பெயர் தைத்திருந்தவள்.
"பாதி திருடர்கள் போட்டது. பாதி குடிகாரர்கள்.
மீதி காற்று."
கணக்கு உதைக்கிறதே என்றேன்.
"எங்கள் காற்றை நீங்கள் பார்த்ததில்லை."

பிறகு ஒன்று எழுந்து வந்தது,
ஹேண்டில்பாரை ஒட்டிச் சின்ன இருக்கையோடு.
என் பக்கத்தில் மீன் ரொட்டி தின்ற நெட்டை மனிதர்
மெல்வதை நிறுத்தினார்.
"யெல்மர்!"
அவரைவிட ஒரு சாண் நெட்டையான பையன்
ஒரு காதை மட்டும் பாட்டிலிருந்து விடுவித்துக்கொண்டு வந்தான்.
அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை.
அவர் இருக்கையைக் காட்டினார், பிறகு அவனை.
அவன் இருக்கையைப் பார்த்தான்,
தன் முழங்காலைப் பார்த்தான்,
அவ்வளவு சிறிதாக யாரும் இருந்திருக்க முடியாது
என்பது போலச் சிரித்தான்.
ராவென்ஸ்வாய் கையுறையால் சேற்றை வழித்தாள்.
இருக்கையின் முதுகில்
ஆணியால் கீறிய ஒரு கோணல் யா,
அல்லது அவர்கள் எழுத்தில் அதற்குரியது.

எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவள் சைகை காட்டினாள்.
அவர் வெகுநேரம் யோசித்துத் தலையாட்டி மறுத்தார்.
மணியை மட்டும் கழற்றித் தரச் சொன்னார்.
கட்டைவிரலால் தட்டினார்: தண்ணீர் வந்தது.
மறுபடி தட்டினார்: சேறு.
மூன்றாம் முறை தட்டவில்லை.
படகின் குவியலில் அதைத் திரும்ப வைத்துவிட்டு
ரொட்டியின் மிச்சத்தைத் தின்றபடி படியேறினார்.

பையன் பின்தங்கினான்.
அவன் என்னைக் கடந்தபோது
ஜீன்ஸ் பையில் வட்டமாக ஏதோ புடைத்திருந்தது.
அதைச் சுற்றிக் கருப்பாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் லாக்கர் எண் மறந்து
பத்து நிமிடம் வியர்த்தேன்.
வண்டி கிளம்பி, வயல்கள் வந்த பிறகுதான்
கை காலியாக இருப்பது உறைத்தது.
குடை அங்கேயே கிடக்கிறது, மண்டபத்துக்குள்.
எந்தத் தூணருகே என்று
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.
காற்று எடுத்துப் போயிருக்கும்.
எந்தப் பக்கம் என்றால், கால்வாய்ப் பக்கம்தான்.